பொறி நாகு

கதிர்காமநாதக் கமக்காரர் சிற்றம்பலத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது அறுபத்தெட்டு ரூபா எழுபத்தைந்து சதம். நாளுக்கு இரண்டரை ரூபாப்படி இருபத்தேழரை நாள் கூலி. அந்த அரை நாள், நடுங்கல் காய்ச்சல் வந்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாய்க்கால் கரையில் சுருண்டு கிடந்த நாள். அதையும் கமக்காரர் மறக்காமல் வெட்டித்தான் கணக்குச் சொன்னார்.

குளத்து மதகிலிருந்து தன் வயலுக்கு ஒரு கிளை வாய்க்கால் இறக்கத்தான் அவர் சிற்றம்பலத்தைப் பிடித்தார். இரண்டு பேருமே யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். குடியேற்றத் திட்டத்தில் அவருக்குக் காணி கிடைத்தது. இவனுக்கு மண்வெட்டி கிடைத்தது. தர்மபுரத்துக்கு அங்காலே, வயல் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இவனும் பெண்சாதி அன்னபாக்கியமும் இருந்தார்கள்.

வாய்க்கால் முடிந்து தண்ணீர் ஓடி, விதைத்த நெல் முளைத்து முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. கூலி வரவில்லை. மூன்று தரம் போய் நின்றான். நான்காம் தரம் போனது ஐம்பத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கமக்காரர் விறாந்தையில் கதிரையில் இருந்தபடி பட்டிப் பக்கம் கையைக் காட்டினார்.

"காசுக்கு இப்ப எங்கை போறது? அங்கை ஒரு நாகுக் கண்டு நிக்குது பார். தாய் குளத்துச் சேத்துக்கை புதைஞ்சு செத்துப் போச்சு. அதைக் கொண்டு போ. வளந்தா நூறு ரூபா பெறும். உன்ரை கணக்குத் தீந்துது."

"மூண்டு கிழமைக் கண்டு ஐயா. நிக்கவே ஏலாமக் கிடக்கு. செத்துப் போம்."

"செத்தா உன்ரை பலன்."

சிற்றம்பலம் கன்றைத் தூக்கித் தோளில் போட்டான். கோதுமை மா மூட்டையின் பாரம்கூட இல்லை. வெள்ளை நாகு, பெண் கன்று. மழையில் மயிர் தோலோடு ஒட்டிக் கிடந்தது. அப்போதுதான் கண்டான், மயிருக்குக் கீழே தோலெல்லாம் கறுப்புக் கறுப்பாக, ஈரப்பாயில் குரக்கன் மணி சிந்தியதுபோல.

"பொறி" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டான்.

வெள்ளையில் கறுப்பு விழுந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் மாட்டை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். மாட்டோடு கிடப்பவர்களுக்கு அது மூன்று. பாய் விரித்ததுபோல அகலமாகக் கிடந்தால் மறை. எண்ணக்கூடியதாக, தள்ளித் தள்ளி இருந்தால் புள்ளி, மானுக்கு இருப்பது. எண்ண வெளிக்கிட்டால் கண் கூசுகிறதே, அது பொறி. காட்டில் மாடு தொலைந்தால் "புள்ளி மாடு கண்டனீங்களோ?" என்று கேட்டுப் போகிறவனுக்குப் புள்ளி மாட்டைத்தான் காட்டுவார்கள். பொறி மாடு பக்கத்தில் நின்றாலும் காட்டமாட்டார்கள். சொல் பிழைத்தால் மாடு போச்சு.

மழை விட்டதும் கன்றைக் கொண்டு நேரே ஊர் அதிகாரியான செல்வநாயகம் விதானையாரிடம் போனான். மாடு கை மாறினால் விதானையார் சீட்டு எழுத வேண்டும். இல்லாவிட்டால் களவு மாடு என்று பொலிசு பிடிக்கும். போய்ச் சேருவதற்குள் வெயில் எறித்துக் கன்று காய்ந்து பஞ்சுபோல நின்றது.

"நிறம் வெள்ளை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் விதானையார்.

"ஐயா, பொறி எண்டும் போடுங்கோ."

"எங்கையடா பொறி?"

"உள்ளுக்குக் கிடக்கு ஐயா. வளர வெளியிலை வரும்."

விதானையார் பேனையை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "பிறந்த பாலனுக்கு மீசை எண்டும் எழுதச் சொல்லுவாய் போலை! சரி சரி, பெருவிரலைக் கொண்டா."

எழுதிவிட்டார் என்றுதான் சிற்றம்பலம் நினைத்தான். அப்போது அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பெருவிரலை அழுத்தி, தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்தான்.

அந்தக் கன்றை வளர்த்தது அன்னபாக்கியம். பக்கத்துக் கொட்டிலில் ஆட்டுப் பால் வாங்கி, அதற்குக் கூலியாக அவர்களுக்கு நெல் குத்திக் கொடுத்தாள். பழைய வேட்டித் துண்டைப் பாலில் தோய்த்துக் கன்றின் வாயில் வைப்பாள். அது சப்பும். தன் விரலையும் சேர்த்துத்தான் கொடுப்பாள். வெறுந்துணியை அது தொடாது. மழைக்குளிரில் நடுங்கினால் குசினிக்குள் அடுப்படியில் கட்டுவாள்.

"எனக்குப் பாய் எங்கை போடுறது?" என்று சிற்றம்பலம் கேட்டால், "பட்டியிலை இடம் கிடக்கும்" என்பாள்.

அடுத்த சித்திரையில் காதடியில் ஒரு பிடி பொறி தெரிந்தது. பிறகு கழுத்து, பிறகு விலா. இரண்டு வருசத்தில் நாகு முழுக்க, நெல் பொரிக்கிற சட்டியிலிருந்து கரித்தூள் தெறித்ததுபோல ஆகிவிட்டது. பெயர் தானாக வந்தது, பொறிச்சி. குறி சுடவில்லை. சுட வேண்டும் என்றுதான் சிற்றம்பலம் சொன்னான். "நான் விரலைக் குடுத்து வளத்ததுக்கு நெருப்பு வைக்க விடமாட்டன்" என்று அவள் மறித்துவிட்டாள். அது ஒரு பிழை. பிறகுதான் தெரிந்தது.

குறி சுடுகிற வேலை சிற்றம்பலத்துக்குப் புதிதல்ல. கமக்காரர்களின் மாடுகளை வருசா வருசம் விழுத்திக் காலைக் கட்டிப் பிடிக்கிறவன் அவன்தான். தோல் பொசுங்குகிற மணத்தோடு எழுத்து விழுவதைப் பார்த்துப் பார்த்து 'க', 'நா', 'த' என்று நாலைந்து அவனுக்குப் பிடிபட்டது. நாற்பத்திரண்டு வயதில், மாட்டுத் தொடையில் படித்த அரிச்சுவடி. மிச்சத்தை யாக்கோப்பு சொல்லிக் கொடுத்தான். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், வேதக்காரன். சைக்கிளில் கருவாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு புதுக்குடியிருப்பால் கிழமைக்கு ஒருக்கால் வருவான். கருவாடு சுற்றி வருகிற கடதாசியை விரித்து வைத்து இருவரும் கூட்டிக் கூட்டி வாசிப்பார்கள். ஆதலால் சிற்றம்பலத்துக்கு எழுத்து என்றால் இன்றைக்கும் கருவாடு மணக்கும்.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஐப்பசியில் பொறிச்சி தலைக்கன்று போட்டது. நாகுக் கன்றுதான். ஆனால் தும்பைப்பூப்போல வெள்ளை. காலையில் மட்டும் நாலு போத்தல் பால். ஒரு நாள் யாக்கோப்பு முற்றத்தில் குந்தியிருந்து, குரக்கன் பிட்டில் அந்தப் பாலை விட்டுக் குழைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணை, உங்கடை புள்ளி மாட்டுப் பால் தேன்தான்."

"புள்ளி எண்டாதை."

"பின்னை என்னவாம்? எங்கடை கடலிலை புள்ளித் திருக்கை கிடக்கு. இதே மாதிரித்தான்."

"திருக்கையைக் கறந்து பாத்தனியோ? உது பொறி. புள்ளி எண்டா எண்ணலாம். எங்கை, எண்ணு பாப்பம்."

யாக்கோப்பு பிட்டுக் கையோடு எழும்பி மாட்டின் முன்தொடையில் தொடங்கினான். முப்பத்தேழு வரைக்கும் போனான். பொறிச்சி தோலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது.

"சவம், பிழைச்சுப் போச்சு! மாதாவே, இதை எண்ணினா எனக்கு விசர்தான் வரும்."

"அதுதான் பொறி" என்றான் சிற்றம்பலம்.

அன்னபாக்கியம் குசினிக்குள் இருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கவில்லை, படலையில் குடை தெரிந்தது. கதிர்காமநாதக் கமக்காரர். அந்தக் கொட்டிலுக்கு அவர் அதுவரை வந்ததில்லை. வந்தவர் மனிதரைப் பார்க்கவில்லை, மாட்டைத்தான் பார்த்தார். மடியைப் பார்த்தார்.

"சிற்றம்பலம், உந்தப் புள்ளி மாட்டை எங்கையடா பிடிச்சனீ?"

"பிடிக்கேல்லை ஐயா. நீங்கள் தந்தது. வாய்க்கால் கூலிக்கு."

"நான் தந்தது வெள்ளைக் கண்டு. சாகக் கிடந்தது. ரெண்டு வருசத்துக்கு முன்னம் என்ரை பட்டியிலை ஒரு புள்ளி நாகு காட்டோடை போனது. தேடாத இடமில்லை. இப்பத்தானே தெரியுது, அது ஆரின்ரை முற்றத்திலை பால் கறக்குது எண்டு."

"அந்த வெள்ளைக் கண்டுதான் ஐயா இது. வளரப் பொறி விட்டது."

"வெள்ளை வேட்டியைத் தோய்க்கத் தோய்க்கப் பூச்சேலையா வருமோடா? ஆருக்கடா கதை விடுறாய்?"

அன்னபாக்கியம் அகப்பையோடு வெளியே வந்தாள். "ஐயா, சாகப் போற கண்டு எண்டு தூக்கித் தரேக்கை அது உங்கடை இல்லை. நாலு போத்தல் கறக்கேக்கை உங்கடையாப் போச்சோ?"

"சிற்றம்பலம், பெம்பிளையை உள்ளுக்குப் போகச் சொல்லு."

"அவள் வளத்தது ஐயா. அவள்தான் கதைப்பாள்."

கமக்காரர் மடியிலிருந்து காசை எடுத்தார். ஆறு பத்து ரூபாத் தாள், ஓர் ஐந்து, மூன்று ஒற்றை ரூபா, மிச்சம் சில்லறை. "நான் அநியாயக்காரன் இல்லை. என்ரை கண்டு உன்னட்டைச் செத்துப் போச்சு எண்டு வைப்பம். உன்ரை கூலி அறுபத்தெட்டு எழுபத்தஞ்சு. சதம் குறையாமல் கிடக்கு. பிடி. மாட்டை அவிட்டு விடு."

சிற்றம்பலம் காசைப் பார்த்தான். நாலு வருசத்துக்கு முந்தி அந்தக் காசுக்காக அந்த விறாந்தையில் நாலு தரம் நின்ற கால் அது. இப்போது காசு நடந்து வந்து அவன் முற்றத்தில் நிற்கிறது.

"வேண்டாம் ஐயா. கணக்குத் தீந்துது எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

"அப்ப புதன்கிழமை விதானையாரிட்டைச் சீட்டோடை வா. சீட்டிலை என்ன கிடக்கோ அதுதான் மாடு. கள்ள மாடு கட்டினவனுக்கு மறியல் வீடு தெரியுமெல்லோ?"

அவர் போனதும் சிற்றம்பலம் முகட்டில் செருகியிருந்த தகரப் பேணியை எடுத்தான். சீட்டு மங்கிப்போயிருந்தது. அதை விரித்து, கருவாட்டுக் கடதாசியை வாசிக்கிற மாதிரி விரலை வைத்துக் கூட்டினான். "நா...கு...க்...கண்டு. நி...ற...ம். வெ...ள்...ளை." விரல் அடுத்த எழுத்தைத் தேடியது. அடுத்தது கோடு. "கு...றி. இ...ல்...லை."

"பொறி எங்கை?" என்றாள் அன்னபாக்கியம்.

அவன் மறுபடி முதலிலிருந்து வாசித்தான். மூன்றாம் தரமும் வாசித்தான். எடுத்து வாசிக்காமல் இருந்த நாலு வருசமும் அந்தச் சீட்டில் பொறி இருந்தது. வாசித்த அன்றைக்கு இல்லாமல் போனது.

"அண்ணை, நீங்கள் கடைசிலை வச்சு ஒரு சொல்லை எழுதி விடுங்கோவன்" என்றான் யாக்கோப்பு மெல்ல. "இடம் கிடக்கு."

"சீ! அவர் எழுதாததுக்கு நான் கள்ளனாகிறதோ?"

அதற்குள் மழை பிடித்தது. கன்று முற்றத்தில் துள்ளிக்கொண்டு நின்றது. அன்னபாக்கியம் ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, வந்து பாருங்கோ."

நனைந்த வெள்ளைக்குள்ளால் தோல் தெரிந்தது. ஈரப்பாயில் குரக்கன்.

"அண்டைக்கும் இதே மாதிரித்தானப்பா" என்றான் சிற்றம்பலம். "தாயும் இப்பிடித்தான் இருந்தது."

"அப்ப என்ன பயம்? புதன்கிழமை நாங்கள் தாயை மட்டும் கொண்டு போறேல்லை."

புதன்கிழமை நல்ல வெயில். விதானையார் வளவில் பத்துப் பதினைந்து பேர். கமக்காரர் விறாந்தையில் விதானையாருக்குப் பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சிற்றம்பலம் பொறிச்சியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றான். அன்னபாக்கியம் கன்றை அணைத்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், மாட்டு வழக்குக்குப் பிள்ளையும் கொண்டு வந்திருக்கிறாள் என்று.

விதானையார் சீட்டை வாங்கித் தன் புத்தகத்து அடிக்கட்டையோடு ஒத்துப் பார்த்தார். "நாகுக் கண்டு. நிறம் வெள்ளை. குறி இல்லை." கண்ணாடிக்கு மேலால் மாட்டைப் பார்த்தார். "இது வெள்ளையோடா சிற்றம்பலம்?"

"உவனுக்குக் கண்ணிலை பூ விழுந்திட்டுது போலை!" என்றார் கமக்காரர். கூட்டம் சிரித்தது.

"ஐயா" என்றான் சிற்றம்பலம். "அண்டைக்கு நான் பொறி எண்டும் போடச் சொன்னனான். நீங்கள் போடேல்லை."

"எத்தினை சீட்டு எழுதுறன். உதெல்லாம் ஆருக்கு ஞாபகம்?"

"அப்ப ஒரு வாளி தண்ணி வேணும் ஐயா."

"தண்ணி என்னத்துக்கு?"

"காட்டுறதுக்கு."

கிணறு முற்றத்திலேயே இருந்தது. வாளி கிணற்றுக்கட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தது. ஒருவரும் அசையவில்லை. சிற்றம்பலத்தின் கை அந்தக் கயிற்றில் படக்கூடாது என்பதும், அவனுக்கு அள்ளி ஊற்ற அங்கே ஒரு கையும் நீளாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். விதானையார் கடதாசியைப் பார்த்தார். கமக்காரர் தேத்தண்ணியைப் பார்த்தார்.

"உங்கடை தண்ணி உங்களோடை கிடக்கட்டும்" என்றாள் அன்னபாக்கியம். "எங்களுக்கு வாய்க்கால் கிடக்கு."

கன்றைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படலையைத் தாண்டி இறங்கினாள். ஐம்பது அடியில் ஓடியது அந்த வாய்க்கால். சிற்றம்பலம் வெட்டிய வாய்க்கால். பொறிச்சி கன்றைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டு அவனையும் இழுத்துக்கொண்டு பின்னால் ஓடியது. கூட்டமும் ஓடியது. கதிரையில் இருந்தவர்களுக்கும் எழும்பாமல் முடியவில்லை.

அன்னபாக்கியம் சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். கன்றைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி ஊற்றினாள். முதுகில், விலாவில், கழுத்தில். மயிர் ஒட்டியது. வெள்ளை மங்கியது. உள்ளே இருந்தது ஒவ்வொன்றாக மேலே வந்தது.

கரையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சேறு" என்றார் கமக்காரர்.

"சேறோ? இறங்கித் தேய்ச்சுப் பாருங்கோ. வாருங்கோ ஐயா. இது என்ரை மனுசன் வெட்டின வாய்க்கால்தான். உங்கடை வயலுக்குப் பாயிற தண்ணிதான். காலிலை பட்டாத் தீட்டில்லை."

அவர் இறங்கவில்லை. விதானையார்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பெருவிரலால் கன்றின் விலாவைத் தேய்த்தார். தண்ணீர் விட்டுத் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். கன்றுதான் துள்ளியது. பொறி போகவில்லை. அவர் கன்றைப் பார்த்தார், கரையில் நின்று அழைக்கிற தாயைப் பார்த்தார், திரும்பக் கன்றைப் பார்த்தார்.

"பாலனுக்கு மீசை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"ஓம் ஐயா" என்றான் சிற்றம்பலம் கரையிலிருந்து. "அதைத்தான் அண்டைக்கும் சொன்னியள்."

யாரோ ஒரு கிழவன் பின்னால் நின்று கெக்கலித்துச் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு பக்கம் பார்த்த சிரிப்பு. கமக்காரரின் முகம் கறுத்தது.

"சரி, கொண்டு போகட்டும்" என்றார் குடையை விரித்துக்கொண்டு. "எனக்கு மாடில்லாமலோ? போடா, கொண்டு போ."

எல்லாரும் அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். சிற்றம்பலம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"வாயாலை காணாது ஐயா. போன முறையும் வாயாலைதான் சொன்னியள். சீட்டிலை போடுங்கோ."

"அதுதான் சொல்லிப் போட்டாரேயடா" என்றார் விதானையார்.

"சீட்டிலை போடுங்கோ. தாய்க்கு ஒண்டு. கண்டுக்கு ஒண்டு. கணக்குத் தீந்தது எண்டு அவர் ஒப்பம் வைக்க வேணும். வைக்குமட்டும் நான் இந்த இடத்தை விட்டுப் போகமாட்டன். நீங்கள் பொலிசைக் கூப்பிட்டாலும் சரி."

அவன் குரலை உயர்த்தவில்லை. மண்வெட்டிப் பிடியில் இருபது வருசம் கிடந்த கை, மாட்டுக் கயிற்றில் கிடந்தது. விதானையார் நனைந்த காலோடு வளவுக்குத் திரும்பினார், எல்லாரும் பின்னால் வந்தார்கள். விறாந்தைக்கு ஏறிப் பேனையை எடுத்தார். தாய்க்கு எழுதினார். கன்றின் சீட்டில் 'நிறம்' என்ற இடத்தில் பேனை நின்றது.

"இதுக்கு என்னெண்டு போடுறது? காய்ஞ்சா வெள்ளையெல்லோ?"

"காயட்டும். எழுதினது காயாது" என்றாள் அன்னபாக்கியம்.

எழுதி முடித்துவிட்டு, பழக்கத்தில் மைப்பெட்டியை நீட்டினார் விதானையார். "பெருவிரலைக் கொண்டா."

"தாளைத் தாருங்கோ ஐயா. முதல் நான் வாசிக்க வேணும்."

சிற்றம்பலம் இரண்டு தாளையும் வாங்கிக்கொண்டு முற்றத்து நடுவில், வெயிலில் நின்றான். விரலை முதல் எழுத்தில் வைத்தான். அவனுக்கு வேகமாக வாசிக்க வராது. ஒவ்வோர் எழுத்தையும் மண்ணிலிருந்து கிளப்புகிற மாதிரித்தான் கிளப்ப வேண்டும். "ப...சு. நி...ற...ம்..." கமக்காரர் குடையோடு நின்றார். ஒப்பம் வைக்காமல் அவர் போக முடியாது. இவன் வாசிக்காமல் அவர் ஒப்பம் வைக்க முடியாது. கதிரை காலியாகக் கிடந்தும் இருக்க மனமில்லாமல் நின்றார். விதானையார் நின்றார். ஊர் நின்றது. ஓர் எழுத்துப் பிடிபடாமல் சிற்றம்பலம் முதலிலிருந்து திரும்பத் தொடங்கினான்.

தாயின் சீட்டு முடிந்தது. கன்றின் சீட்டை எடுத்தான். கன்று அதற்குள் அரைவாசி காய்ந்துவிட்டது.

"நி...ற...ம். வெ...ள்...ளை." விரல் அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. இந்த முறை அங்கே கோடு இல்லை.

"பொ...றி."

மறுபடியும் ஒருக்கால், கூட்டாமல், சேர்த்துச் சொன்னான். "பொறி."

பிறகு தாளைக் கமக்காரரிடம் நீட்டினான். "அறுபத்தெட்டு ரூபா எழுபத்தஞ்சு சதம் ஐயா. தீந்தது எண்டு போட்டு, ஒப்பம் வையுங்கோ."

கமக்காரர் குடையை மடக்கி இடுக்கிக்கொண்டு, வெயிலில் நின்று ஒப்பம் வைத்தார்.